சென்னையில் ஜெயித்த ஜோடி அப்புறம் எங்கே போனது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபன் பெண்கள் தொடரில் இரட்டையர் ஆட்டங்களைப் பார்த்திருக்கிறீர்கள். மூன்று சந்தேகம். மூன்றாவது செட்டை ஆடாமல் பத்துப் புள்ளியில் முடித்துவிடுகிறார்களே, அது என்ன கணக்கு? ஆளாளுக்கு முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுகிறார்கள், வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள், பந்து நாலு தடவை போய் வருவதற்குள் புள்ளி முடிந்துவிடுகிறது, இதில் எதைப் பார்ப்பது? கோப்பையை வாங்கிய ஜோடியில் ஒருவர் அடுத்த வாரமே வேறொருவரோடு ஆடினாரே, ஏதாவது மனஸ்தாபமா?

கடைசிக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில்: இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு விட மனமில்லை. கனடாவின் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி என்ற அந்த ஜோடியின் கதை தெரிந்தால் மற்ற இரண்டு கேள்விகளும் பாதி விளங்கிவிடும்.

முதலில் தொடரைப் பற்றி. சென்னை ஓபன் 250 வகைத் தொடர். பெண்கள் டூரில் கிராண்ட் ஸ்லாம் என்னும் நாலு பெரிய தொடர்களுக்குக் கீழே 1000, 500, 250 என்று மூன்று படி. 250 கடைசிப் படி. இரட்டையரில் 16 ஜோடிகள்தான். நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. கிராண்ட் ஸ்லாமில் 64 ஜோடிகள், ஆறு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஆக சென்னையில் திங்கள் தொடங்கி ஞாயிறுக்குள் வேலை முடிந்துவிடும். 2022இல் அந்த வாரம் செப்டம்பர் 12 முதல் 18 வரை.

இந்த 16இல் எப்படி இடம் பிடிப்பது? இருவரின் தரவரிசை எண்ணையும் கூட்டுவார்கள். ஒருவர் 20, இன்னொருவர் 70 என்றால் ஜோடியின் எண் 90. சின்ன எண் உள்ள ஜோடிக்கு முதலில் இடம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நுழைவதற்கு இரட்டையர் தரவரிசையைத்தான் காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒற்றையர் தரவரிசை அதைவிட நன்றாக இருந்தால் அதையே காட்டலாம். அதனால்தான் வருஷம் முழுக்க இரட்டையர் ஆடாத ஒற்றையர் வீராங்கனைகள் இருவர் திடீரென்று சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறார்கள். இரட்டையரையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு இதில் வருத்தம் இருக்கும். அந்த வருத்தம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். தொடரை நடத்துபவர்களுக்கோ போஸ்டரில் தெரிந்த முகம் வேண்டும். மிச்ச ஓரிரு இடங்கள் வைல்டு கார்டு, தரவரிசை பார்க்காமல் தொடரை நடத்துபவர்களே கொடுப்பது. உள்ளூர்ப் பெண்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும் வாசல் அது.

பணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு சென்னைத் தொடரின் மொத்தப் பரிசுத் தொகையே சுமார் இரண்டரை லட்சம் டாலர். ஒற்றையரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இரட்டையரில் ஜெயிக்கும் ஜோடிக்குக் கிடைப்பது ஒற்றையர் சாம்பியனுக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு, அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். விமான டிக்கெட், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஜோடி மாறும் விஷயத்தில் மறுபடி வருவோம்.

இனி அந்தப் பத்துப் புள்ளிக் கணக்கு.

டூர் அளவிலான இரட்டையரில் இரண்டு சுருக்கம் செய்திருக்கிறார்கள். ஒன்று, டியூஸ் வந்தால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு புள்ளி முன்னிலை வரும்வரை இழுப்பது, கிடையாது. 40-40 என்றால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடியும். அந்தப் புள்ளியில் சர்வ் வலப்பக்கம் வரவேண்டுமா இடப்பக்கம் வரவேண்டுமா என்பதை எதிர்கொள்ளும் ஜோடி முடிவு செய்யும். இருவரில் யார் எடுப்பது என்று அவர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்ளும் அந்த ஐந்து விநாடியைத் தவறவிடாதீர்கள். யார் மேல் யாருக்கு நம்பிக்கை என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். இரண்டு, ஆளுக்கொரு செட் ஆகிவிட்டால் மூன்றாவது செட்டுக்குப் பதில் ஒரு நீண்ட டை-பிரேக். முதலில் 10 புள்ளி எடுப்பவர், இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு, ஜெயித்தவர். ஸ்கோர் பலகையில் இது அடைப்புக்குறிக்குள் [10-8] என்று வரும்.

ஏன் இப்படி? நேரம். ஒரு சின்னத் தொடரில் கோர்ட்டுகள் குறைவு, மழை வந்தால் இன்னும் குறைவு. ஒற்றையரில் ஆடிவிட்டு அதே நாளில் இரட்டையருக்கும் வருபவர் எப்போது கோர்ட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லியாக வேண்டும், டிவிக்காரர்களும் கேட்பார்கள். ஆட்டம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடியும் என்று தெரிந்தால் அட்டவணை போடுவது சுலபம். ஒற்றையர் வீராங்கனைகளும் பயப்படாமல் பெயர் கொடுப்பார்கள். கிராண்ட் ஸ்லாமில் இந்த அவசரம் இல்லை. அங்கே பெண்கள் இரட்டையரில் மூன்றாவது செட்டை முழுசாக ஆடுவார்கள், 6-6 ஆனால்தான் பத்துப் புள்ளி டை-பிரேக்.

இந்தச் சுருக்கத்தால் பலவீனமான ஜோடிக்கு லாபம் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. உண்மைதான். முழு செட்டில் நல்ல ஜோடி தவறு செய்துவிட்டு மீள நேரம் இருக்கும், பத்துப் புள்ளியில் கிடையாது. அட்வான்டேஜை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, மூன்றாவது செட்டை எடுத்ததில்தான் மனது ஒப்பவில்லை. ஆனால் நாடகம் என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்க ஆட்டம். பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும் லாரா பிகோசியும் ஒருபக்கம். கடைசி நேரத்தில் இடம் கிடைத்து ஒலிம்பிக்குக்கு வந்த ஜோடி. எதிரே வெரோனிகா குடெர்மெடோவாவும் எலினா வெஸ்னினாவும். ஆளுக்கொரு செட். பத்துப் புள்ளி டை-பிரேக்கில் பிரேசில்காரர்கள் 5-9 என்று பின்தங்கினார்கள். எதிரணிக்கு வரிசையாக நாலு மேட்ச் பாயின்ட், ஒன்றை எடுத்தாலே ஆட்டம் முடிந்துவிடும். நாலையும் காப்பாற்றி, தொடர்ந்து ஆறு புள்ளி எடுத்து 11-9 என்று முடித்தார்கள். பிரேசிலுக்கு டென்னிஸில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

ஸ்டெஃபானி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சென்னையில் பார்த்தவர் அவர்தான்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றையர் பார்த்துப் பழகிய கண் பந்தின் பின்னாலேயே ஓடும். இரட்டையரில் பந்தை அடிக்காதவரைப் பார்க்க வேண்டும். சர்வ் செய்பவருடைய ஜோடி வலைக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அவர்தான் ஆட்டத்தின் மையம். பந்து எதிராளியின் மட்டையில் படும் நேரத்தில் அவர் குறுக்கே பாய்வாரா, நின்ற இடத்திலேயே நிற்பாரா? முதுகுக்குப் பின்னால் காட்டும் விரல் அதற்குத்தான். சர்வ் எந்தப் பக்கம் விழ வேண்டும், அதன் பின் தான் பாயப்போகிறேனா இல்லையா என்று சர்வ் செய்பவருக்குச் சொல்கிறார். பொதுவாக மூடிய முஷ்டி என்றால் நிற்கிறேன், விரித்த கை என்றால் பாய்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனிப் பாஷை உண்டு. வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு பேசுவதும் இதே விஷயம்தான், உதட்டசைவை எதிரணி படித்துவிடக் கூடாதே. பல தடவை வலைக்காரர் பாய்வதுபோல் ஒரு தோள் அசைவு காட்டிவிட்டு நின்றுவிடுவார். அதைப் பார்த்து எதிராளி நேர்க்கோட்டில் அடிக்க, பந்து இவர் மட்டைக்கே வந்து சேரும். டிவி அந்தப் புள்ளியை எதிராளியின் தவறு என்று காட்டும். அந்தத் தவறைச் செய்ய வைத்தவர் பந்தைத் தேடிப் போகவே இல்லை.

சில சமயம் வலைக்காரர் நடுக்கோட்டுக்கு வந்து வலையின் உயரத்துக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சர்வ் செய்பவரும் கோர்ட்டின் நடுவிலிருந்தே அடிப்பார். இருவரும் ஒரே கோட்டில் நிற்பதால் இதற்கு ஐ-ஃபார்மேஷன் என்று பெயர். பந்து போனதும் ஒருவர் இடம், ஒருவர் வலம். யார் எங்கே என்பது எதிராளிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. குறுக்காகவே திருப்பி அடித்துப் பழகியவருக்கு இது பெரிய தலைவலி.

கோர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றையருக்கு அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36. இருபக்கமும் நாலரை நாலரை அடிச் சந்து. ஆனால் சர்வ் விழவேண்டிய கட்டம் மாறுவதில்லை, சந்தில் விழுந்த சர்வ் வெளியேதான். ஆள் இரண்டு மடங்கு, இடம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். அதனால் ஒற்றையரைவிட இங்கே நெரிசல் அதிகம். பலமாக அடித்து இடைவெளியைத் துளைப்பது கஷ்டம். இடைவெளியை உண்டாக்க வேண்டும்: கால்மாட்டில் போடுவது, இருவருக்கும் நடுவில் போட்டு யார் எடுப்பது என்று தயங்கவைப்பது, தலைக்கு மேல் தூக்கிப் போடுவது.

இந்தத் தலைக்கு மேல் தூக்கிப் போடும் லாப்தான் பெண்கள் இரட்டையருக்கும் ஆண்கள் இரட்டையருக்கும் உள்ள பெரிய வேறுபாடு என்பேன். ஆண்கள் ஆட்டத்தில் சர்வ் பல சமயம் அப்படியே புள்ளியாகிவிடும், ரிட்டர்ன் திரும்பி வந்தாலே அதிசயம் என்று தோன்றும். பெண்கள் ஆட்டத்தில் ரிட்டர்ன் திரும்பி வரும், அடித்ததைவிட வேகமாகவும் வரும். அதனால் சர்வ் செய்யும் ஜோடிக்கு நிம்மதியே கிடையாது. பிரேக் பிரேக்காக விழும், அதாவது சர்வ் செய்யும் ஜோடியே கேமை இழக்கும். புள்ளிக்குள் பேச்சுவார்த்தை போல ஒரு நீளம் இருக்கும். எனக்கு ஆண்கள் இரட்டையரைவிடப் பெண்கள் இரட்டையர் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

தைவானின் ஷியே சு-வெய் ஆட்டம் கிடைத்தால் தேடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு கையால் மட்டையைப் பிடிப்பவர். பந்தை அடிக்கிறாரா தடவுகிறாரா என்று சந்தேகம் வரும். வலைக்கு அந்தப் பக்கம் செத்து விழும் டிராப், அடுத்த அடியில் தலைக்கு மேல் லாப், அதற்கடுத்து நடக்கவே நடக்காது என்று நினைத்த கோணம். இப்படியே பெண்கள் இரட்டையரில் ஏழு கிராண்ட் ஸ்லாம் வாங்கிவிட்டார். முதலாவது 2013 விம்பிள்டன், ஏழாவது 2024 ஆஸ்திரேலிய ஓபன், அப்போது அவருக்கு வயது 38. அந்த ஏழில் ஜோடியாக நின்றவர்கள் நாலு பேர்: பெங் ஷுவாய், பார்போரா ஸ்டிரைகோவா, எலிஸ் மெர்டென்ஸ், வாங் ஷின்யு.

இன்னொரு சின்ன விஷயம், டிவி வர்ணனையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரட்டையரில் நாலு கேமுக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு சர்வ் வரும். ஒற்றைப்படை கேம்களுக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தால் ஓர் உண்மை வெளிவரும்: ஒரு செட் முழுக்க ஒருவர் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் செய்வார். ஆகவே செட் ஆரம்பிக்கும்போது யார் முதலில் என்று முடிவு செய்வதில் வெயில், காற்று எல்லாம் அடங்கியிருக்கிறது. நான் வாரக் கடைசியில் ஆடும் கிளப்பில் எனக்கு ஜோடி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், இடக்கைக்காரர். சாயங்கால நாலரை வெயில் கண்ணில் குத்தும் முனை எப்போதும் அவருக்குத்தான். வலக்கையால் பந்தைத் தூக்கிப் பார்க்கும் கோணத்தில் சூரியன் அவருக்கு உறுத்தாது. "சார், வெயில் உங்களுக்கு" என்பேன், தலையாட்டிவிட்டுப் போவார். நாங்கள் ஜெயித்த சொற்ப ஆட்டங்களில் பாதிக்குமேல் இந்த ஒரு ஏற்பாட்டினால்தான்.

அதேபோல ரிட்டர்ன் எடுக்கும் பக்கமும். ஒருவர் வலது பாதி, ஒருவர் இடது பாதி என்று செட் தொடக்கத்தில் முடிவு செய்துவிட்டால் அந்த செட் முடியும்வரை மாற்ற முடியாது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வரும் பத்துப் புள்ளி டை-பிரேக்குக்கு முன்னாலும் மாற்றிக்கொள்ளலாம், அதுவும் புது செட் கணக்குத்தான். தோற்றுக்கொண்டிருக்கும் ஜோடி அந்த இடைவேளையில் பக்கம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உள்ளே ஏதோ யோசனை ஓடுகிறது என்று அர்த்தம்.

சரி, ஜோடி மாறும் விஷயம்.

நமக்கு இரட்டையர் ஜோடி என்றால் கல்யாணம் மாதிரி ஒரு நினைப்பு. சென்னைக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆண்கள் சென்னை ஓபனில் லியாண்டர் பயஸ்-மகேஷ் பூபதி ஜோடி ஐந்து தடவை கோப்பை எடுத்ததை இதே நுங்கம்பாக்கத்தில் பார்த்த ஊர் இது, அவர்கள் பேசாமல் இருந்த வருஷங்களில் வருத்தப்பட்ட ஊரும்கூட. பெண்கள் ஆட்டத்திலும் அப்படிப் பேர்பெற்ற ஜோடிகள் உண்டு. நவ்ரதிலோவாவும் பாம் ஷ்ரைவரும் 1983 முதல் 1985 வரை தொடர்ந்து 109 ஆட்டம் தோற்காமல் ஆடினார்கள், சேர்ந்து 20 கிராண்ட் ஸ்லாம். வில்லியம்ஸ் சகோதரிகள் கிராண்ட் ஸ்லாம் இரட்டையரில் 14 இறுதிக்கு வந்து 14ஐயும் ஜெயித்தார்கள். செக் நாட்டு கிரெஜ்சிகோவாவும் சினியாகோவாவும் சிறுமிகளாக இருந்தபோதே ஜோடி. பெரியவர்களாகி ஏழு கிராண்ட் ஸ்லாம், டோக்கியோ ஒலிம்பிக் தங்கம்.

இவை விதிவிலக்குகள். அந்த செக் ஜோடியே 2023 கடைசியில் பிரிந்தது. பிரிந்த அடுத்த வருஷம் சினியாகோவா கோகோ காஃபோடு பிரெஞ்சு ஓபன் ஜெயித்தார், அடுத்து டெய்லர் டவுன்சென்டோடு விம்பிள்டன். கிரெஜ்சிகோவா அதே விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் எடுத்தார். பிரிவால் யாரும் கெட்டுப்போகவில்லை.

மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குத்தான். ஒருவருக்கு ஒற்றையர் தரவரிசை ஏறினால் அவர் போகும் ஊர்கள் மாறும், இவர் அங்கே போக முடியாது. ஒருவர் காயம் பட்டால் மற்றவர் சும்மா உட்கார முடியாது, நான் மேலே சொன்ன பரிசுப் பணத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்தால் என்னாகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒருவர் ஓய்வுக்காக ஒரு வாரம் விடுவார், இன்னொருவர் புள்ளி தேவைப்பட்டு ஆடுவார். அந்த ஒரு வாரத்துக்கு ஒரு ஜோடி தேடுவதெல்லாம் செல்போன் செய்தியில் நடந்து முடிந்துவிடும்.

முன்னணி ஒற்றையர் வீராங்கனைகள் ஏன் வருவதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததே. பணம் அங்கே, உடம்பு ஒன்று. ஆனாலும் ஆடுபவர்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இத்தாலியின் பாவ்லினி 2024இல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டிலும் ஒற்றையர் இறுதிக்கு வந்தவர், அதே ஆண்டு எர்ரானியோடு ஒலிம்பிக் இரட்டையர் தங்கமும் எடுத்தார்.

சானியா மிர்சாவின் வழி இதற்கு நேர் எதிர். ஒற்றையரில் 27ஆம் இடம்வரை போனவர். மணிக்கட்டு, முழங்கால் என்று காயங்கள் விடாமல் துரத்த, ஒற்றையரை விட்டு இரட்டையரில் இறங்கினார். 2015இல் மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்தார். சானியாவின் ஃபோர்ஹேண்ட் பின்னாலிருந்து இடிக்கும், திரும்பி வரும் பந்து தடுமாறி வரும், வலையில் ஹிங்கிஸ் காத்திருப்பார். ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருந்தது. அந்த ஏப்ரலில் சானியா உலக முதலிடம். ஜூலையில் விம்பிள்டன் இறுதி: மகரோவா, வெஸ்னினா எதிரே. முதல் செட் போனது, இரண்டாவது டை-பிரேக்கில் வந்தது, மூன்றாவதில் 2-5. அங்கிருந்து 5-5. வெளிச்சம் போய்விட்டதால் ஆட்டத்தை நிறுத்திக் கூரையை மூடினார்கள். திரும்பி வந்து 7-5. பத்துப் புள்ளிக் கணக்கில் இந்த ஆட்டம் நடந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. மூன்றாவது செட் பற்றி என் மனது ஒப்பவில்லை என்றேனே, காரணம் புரிந்திருக்கும். அப்புறம் யு.எஸ். ஓபன், ஆஸ்திரேலிய ஓபன், தொடர்ந்து 41 வெற்றி. 2016 ஆகஸ்டில் அவர்களும் பிரிந்தார்கள்.

இப்போது நம் சென்னை ஜோடி. கனடாவின் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கியை நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். 2017 பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரை ரோஹன் போபண்ணாவோடு ஜெயித்தவர். 2021 கோடையில் அவரும் ஸ்டெஃபானியும் சேர்ந்து ஆடினார்கள். மான்ட்ரியாலில் 1000 வகைக் கோப்பை, சின்சினாட்டியில் இறுதி, அப்புறம் யு.எஸ். ஓபன் அரையிறுதி. அந்தச் சமயத்தில் உலகத்திலேயே நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஜோடிகளில் ஒன்று. அரையிறுதியில் கோகோ காஃப், கேட்டி மெக்னாலி எதிரே, முதல் செட் டை-பிரேக்கின்போது ஸ்டெஃபானி பந்துக்குப் பாய்ந்தார், முழங்கால் மடங்கியது. சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். முழங்காலின் முன்பக்கத் தசைநார் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை. அது 2021 செப்டம்பர் 10.

டப்ரோவ்ஸ்கி காத்திருக்க முடியாது. 2022இல் மெக்சிகோவின் ஜூலியானா ஓல்மோஸோடு ஆட ஆரம்பித்தார், மாட்ரிட்டில் கோப்பையும் எடுத்தார்கள். ஸ்டெஃபானி ஒரு வருஷம் கோர்ட்டுக்கு வெளியே.

மீண்டு வந்தபோது அவர் ஆடிய முதல் தொடர் சென்னை. ஜோடி பழைய டப்ரோவ்ஸ்கி. யு.எஸ். ஓபனில் பாதியில் நின்றுபோன ஆட்டத்துக்கும் இதற்கும் நடுவில் சரியாக ஒரு வருஷம் சில நாள். இறுதியில் எதிரே அன்னா பிளின்கோவாவும் நடேலா ஜலமிட்ஸேவும். உக்ரைன் போரால் அந்த ஆண்டு விம்பிள்டன் ரஷ்ய வீராங்கனைகளைச் சேர்க்கவில்லை. ஜலமிட்ஸே ஜார்ஜியாவுக்கு மாறி அங்கே ஆடினார், சென்னையிலும் அந்த நாட்டின் பெயரில்தான். பிளின்கோவா பெயருக்குப் பக்கத்தில் கொடியே இல்லை. ஸ்கோர் பலகையில் அந்த இடம் ஏன் வெறுமையாக இருந்தது என்று நீங்கள் யோசித்திருந்தால் காரணம் இதுதான். ஆட்டம் 6-1, 6-2. இறுதி என்று சொல்லக்கூட முடியாத அளவுக்கு ஒருதலைப்பட்சம். அந்த ஸ்கோரைப் பார்த்துவிட்டுச் சப்பென்று போயிற்று என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒரு வருஷம் நடக்கக் கற்றுக்கொண்டு, ஓடக் கற்றுக்கொண்டு வந்தவர் ஆடிய முதல் வாரம் அது என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி பார்த்திருப்பீர்கள்.

அடுத்த வாரம் டப்ரோவ்ஸ்கி டோக்கியோவில். அங்கே அவருக்கு ஜோடி ஓல்மோஸ். வருஷம் முழுக்க அவரோடு ஆடி முன்னணி ஜோடிகள் மட்டும் ஆடும் வருஷக் கடைசி ஃபைனல்ஸுக்குப் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்தார், அதைப் பாதியில் விட முடியாது. டோக்கியோவிலும் கோப்பை. பதினைந்து நாளுக்குள் இரண்டு நகரம், இரண்டு ஜோடி, இரண்டு கோப்பை. நீங்கள் மனஸ்தாபம் என்று நினைத்தது இந்தப் பயணத்தைத்தான். ஸ்டெஃபானி அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஸ்டார்ம் சாண்டர்ஸோடு குவாதலஹாராவில் ஆடினார். 1000 வகைத் தொடர். இறுதியில் மூன்றாவது செட்டுக்குப் பதில் அந்தப் பத்துப் புள்ளி டை-பிரேக், 10-8 என்று ஜெயித்தார்கள்.

டப்ரோவ்ஸ்கிக்கு அப்புறம் நியூசிலாந்தின் எரின் ரூட்லிஃப் கிடைத்தார். சேர்ந்து சில வாரமே ஆன நிலையில் 2023 யு.எஸ். ஓபனை எடுத்தார்கள். அதே ஜோடி 2025இல் மறுபடியும் அதே கோப்பையை எடுத்தது. இடையில் 2024இல் டப்ரோவ்ஸ்கிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்ததை அந்த ஆண்டின் கடைசி நாளில்தான் வெளியில் சொன்னார்.

ஸ்டெஃபானியை நம்மவர்கள் மறுபடி ஒருமுறை பார்த்தார்கள், பெயர் மனதில் பதிந்திருக்காது. 2023 ஜனவரி, மெல்போர்ன், கலப்பு இரட்டையர் இறுதி. இந்தியாவே ஒருபக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம், சானியாவும் போபண்ணாவும். எதிர்ப்பக்கம் பிரேசிலின் ரஃபேல் மாட்டோஸ், பக்கத்தில் நான்கு மாதம் முன்பு நுங்கம்பாக்கத்தில் கோப்பை தூக்கிய அதே பெண். 7-6, 6-2 என்று அவர்கள் ஜெயித்தார்கள். பேச வந்த சானியாவுக்குத் தொண்டை அடைத்தது. அவருடைய கடைசி கிராண்ட் ஸ்லாம் ஆட்டம் அது.